மனைப்பொருளியல் வகுப்பறையில் நவீன கருவிகள்: காட்டுவதற்கா, அளப்பதற்கா?

பாடசாலைகளில் நவீன தொழில்நுட்பத்தின் பயன்பாடு பற்றிப் பேசப்படும் போதெல்லாம் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களே எமது நினைவுக்கு வருகின்றன. சமையலறையோடும் தையல் இயந்திரத்தோடும் மட்டும் தொடர்புபட்டதாகக் கருதப்படும் மனைப்பொருளியலுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம் பெற்றோர் பலரிடமும், ஏன், கல்விச் சமூகத்தினர் சிலரிடமும் கூடக் காணப்படுகின்றது. இவ்வெண்ணம் எந்தளவுக்குப் பிழையானது என்பதையும், இப்பாடத்தைக் கற்பிப்பதில் தொழில்நுட்பக் கருவிகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

நடைமுறையிலுள்ள க.பொ.த. சாதாரண தரப் பாடத்திட்டத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் மனைப்பொருளியலும் ஒரே தொகுதியிலேயே, அதாவது மூன்றாம் தொகுதிப் பாடங்களுக்குள்ளேயே இடம்பெறுகின்றன. அத்தொகுதியிலிருந்து மாணவர் ஒருவர் ஒரு பாடத்தையே தெரிவு செய்கின்றார். எனவே மனைப்பொருளியலைத் தெரிவு செய்யும் மாணவி கணினிப் பாடத்தைக் கைவிட நேரிடுகின்றது. கணினியைத் தெரிவு செய்பவர் உணவு, உடை, வீடு, குடும்ப வருமானம் பற்றிய கல்வியைக் கைவிட நேரிடுகின்றது. பரீட்சை ஒழுங்கில் எதிரெதிரே நிற்கும் இவ்விரண்டும் வாழ்க்கையில் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சந்திக்கின்றன. ஆகவே மனைப்பொருளியல் வகுப்பறைக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டு வருவது அலங்காரத்துக்கான விடயமன்று. அப்பாடத்தைக் கற்கும் மாணவிகளிற் பலருக்குக் கணினியோடு பயன்தரும் விதத்தில் பழகக் கிடைக்கும் வாய்ப்பு அதுவாகவே இருக்கக்கூடும்.

இப்பாடம் தோன்றிய வரலாறும் இதற்குச் சான்றாகின்றது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் அனுமதி பெற்ற முதலாவது பெண்மணியான எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் அங்கு 1873 ஆம் ஆண்டு இரசாயனவியலில் பட்டம் பெற்றார். குடிநீரையும் உணவுப் பொருட்களையும் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, அவற்றின் தூய்மையையும் கலப்படத்தையும் கண்டறிவதில் அவர் ஈடுபட்டார். 1899 இல் லேக் பிளாசிட் எனுமிடத்தில் ஆரம்பித்த மாநாடுகளின் தொடர்ச்சியாக 1908 இல் அமெரிக்க மனைப்பொருளியல் சங்கம் உருவானபோது அதன் முதலாவது தலைவியும் அவரே. 1994 இல் அச்சங்கம் குடும்ப மற்றும் நுகர்வோர் அறிவியல் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. நிறுத்தல், அளத்தல், பரிசோதித்தல் ஆகியவற்றிலிருந்தே இப்பாடம் பிறந்தது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

இன்று எமது நாட்டில் இக்கல்வியின் தேவை முன்னரை விடவும் அதிகமாகும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் காணப்பட்டனர். பொருளாதார நெருக்கடிக்கு முன்னரேயே நிலைமை இதுவாயிற்று. பின்னர் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அதாவது ஓராண்டுக்கு முன்னர் 1000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறத்தாழ 1950 ரூபா செலுத்த வேண்டியதாயிற்று. பணவீக்கம் பின்னர் தணிந்தபோதும் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குறைந்த பணத்தில் கூடிய போசணையைப் பெறுவது எவ்வாறு என்ற கேள்வி பரீட்சை வினாத்தாளிலிருந்து ஒவ்வொரு வீட்டின் அடுப்படிக்கும் வந்துவிட்டது.

இவ்விடத்தில் தொழில்நுட்பக் கருவிகளின் பயன்பாட்டை நாம் இரு வகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒன்று, காட்டுவதற்காகப் பயன்படுத்துவது. பாடநூலிலுள்ள உணவுக் கூம்பகத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவதும், சமையல் காணொளி ஒன்றை ஓடவிடுவதும் இவ்வகையினவாகும். மற்றையது, அளப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் கணக்கிடுவதற்கும் பயன்படுத்துவது. முதலாவது வகையில் மாணவி பார்வையாளராகவே இருக்கின்றார். இரண்டாவதில் அவர் கண்டறிபவராகின்றார். எமது பாடசாலைகளில் முதலாவது வகைக்கே பெரும்பாலும் முன்னுரிமை வழங்கப்படுகின்றது என்பது வருத்தத்துக்குரியதாகும். ஏனெனில் காட்டுவதற்கான சாதனங்கள் விலை கூடியவை. அளப்பதற்கான சாதனங்களோ மலிவானவை.

உதாரணமாக, சமையலறையில் பயன்படும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எமது வீடுகளில் சுண்டு, கைப்பிடி, சிட்டிகை என்ற அளவுகள் தலைமுறை தலைமுறையாக வழக்கிலுள்ளன. வீட்டில் பயன்படும் சுண்டு அரிசியையும், தாயார் கறிக்கு இடும் உப்பையும் தராசில் நிறுத்து எழுதிவருமாறு மாணவிகளைப் பணித்தால் அதுவே சிறந்ததொரு செயன்முறையாகும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கின்றது. சம்பலிலும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் சேரும் உப்பைக் கூட்டிப் பார்க்கும் மாணவிக்கு அவ்வெண்ணின் பொருள் தானாகவே விளங்கும். அதேபோன்று உணவுக்குரிய வெப்பமானி ஒன்றிருந்தால் 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும் என்ற பாடத்தை, மதியம் சமைத்து மூடி வைக்கப்பட்ட சோற்றிலேயே அளந்து பார்க்கலாம்.

அடுத்ததாக விரிதாளின் பயன்பாட்டைக் குறிப்பிடலாம். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. கையடக்கத் தொலைபேசியில் இலவசமாகக் கிடைப்பதே போதுமானது. சந்தையில் அவ்வாரம் நிலவும் பருப்பு, பயறு, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றின் விலைகளை மாணவிகள் கேட்டறிந்து ஒரு நிரலிலும், அவற்றிலுள்ள புரதத்தின் அளவை இன்னொரு நிரலிலும் இட்டால், ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு பணம் செலவாகின்றது என்பது உடனே தெரிந்துவிடும். 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது; முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் உள்ளது. முட்டைப் புரதம் தரத்தில் உயர்ந்ததே. எனினும் சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று பெருமளவில் நிரப்பிவிடுகின்றது. விலை மாறும்போது விடையும் மாறும். இதனைப் பாடநூல் சொல்லித்தர இயலாது, விரிதாள் சொல்லித்தரும்.

மின்சாரப் பட்டியலும் இத்தகையதொரு பாடமேயாகும். 60 வாற்று மின்குமிழ் ஒன்று நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் 30 நாட்களில் 9 அலகு செலவாகும். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் அதே நேரத்துக்கு 1.35 அலகையே எடுக்கும். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டும் வீடுகளுக்கு முதல் 60 அலகுகளுக்கும் கூட வேறு, உயர்ந்த கட்டணமே அறவிடப்படுகின்றது. எந்தச் சாதனம் தமது வீட்டை அவ்வெல்லைக்கு அப்பால் தள்ளுகின்றது என்பதைக் கண்டறியும் மாணவி குடும்பத்துக்கு உண்மையான பணத்தை மீதப்படுத்திக் கொடுக்கின்றார்.

இவை அனைத்தையும் விட முக்கியமானதொரு விடயம் கடனாகும். வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெற்ற பெண்கள் பட்ட துயரத்தை எமது வாசகர்கள் நன்கறிவர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஒருவர் 100,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீத நிலையான வட்டியில் பெற்று 12 மாதத் தவணைகளில் செலுத்துகின்றார் எனக் கொள்வோம். மொத்தம் 124,000 ரூபா, மாதம் ஏறத்தாழ 10,333 ரூபா. கேட்பதற்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஆறு மாதங்களின் பின்னர் முதலில் பாதி திருப்பிச் செலுத்தப்பட்டிருந்தும் வட்டி முழுத் தொகைக்குமே அறவிடப்படுகின்றது. குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் வட்டி என விரிதாளில் மாதம் மாதமாக இட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம் என்பது வெளிப்படும். மார்க்க ரீதியாக வட்டியைத் தவிர்த்துக் கொள்ளும் முஸ்லிம் குடும்பங்களுக்கும், பொருளொன்றின் கைப்பண விலையையும் தவணை விலையையும் ஒப்பிட இதே அட்டவணை உதவும். கையொப்பமிடுவதற்கு முன்னர் இக்கணக்கைப் போடத் தெரிந்த ஒரு மகள் அவ்வீட்டில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என நாம் சிந்திக்க வேண்டும்.

நுகர்வோர் கல்வியும் இப்பாடத்தின் ஓர் அங்கமாகும். இனிப்புப் பானங்களின் சீனி அளவை நிறங்களால் காட்டும் முறை இலங்கையில் 2016 இல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைவாயின் பச்சை என அது வகுக்கப்பட்டது. மாணவிகள் கடையிலுள்ள போத்தல்களின் சுட்டுத்துண்டுகளைத் தொலைபேசியில் படம்பிடித்து வந்து, ஒரு முழுப் போத்தலிலுள்ள சீனியை நிறுத்துப் பார்க்கலாம். 400 மில்லிலீற்றர் போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் வீதம் சீனியிருந்தால் அது 44 கிராமாகும். அதனைத் தட்டில் குவித்து வைத்துப் பார்த்தவர் இலகுவில் மறக்கமாட்டார். இன்று பொய்யான உணவு ஆலோசனைகளும் அழகுசாதன விளம்பரங்களும் வந்து சேர்வது அதே தொலைபேசியூடாகத்தான். அவற்றை ஐயுற்று நோக்கவும், ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடவும் கற்பிப்பது ஆசிரியையின் கடமையாகும்.

காட்டுவதற்கான கருவிகள் முற்றிலும் பயனற்றவை என நாம் கூறவில்லை. தையற் பாடத்தில் நாற்பது மாணவிகள் ஓர் ஆசிரியையின் விரல்களை ஒரே நேரத்தில் பார்ப்பது கடினம். ஆசிரியை தமது கைகளின் அசைவை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் பிள்ளைகள் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. மாணவிகளைப் படம்பிடிப்பது தொடர்பில் தமிழ், முஸ்லிம் பெற்றோருக்குள்ள கவலை நியாயமானது. கைகளையும் துணியையும் பாத்திரத்தையும் மாத்திரம் பதிவு செய்வதெனப் பாடசாலை ஒரு விதியை வகுத்துக்கொண்டால் அக்கவலை நீங்கும்.

தடைகளும் இல்லாமலில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையவழிப் பாடநூல்களும் தமிழிலும் கிடைக்கின்றன. எனினும் இணையத்தில் தேடும் மாணவிக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் வெளிநாட்டுக் காணொளிகளே. அவற்றிலுள்ள கலைச்சொற்கள் எமது பாடநூலிலுள்ள சொற்களோடு பொருந்துவதில்லை. வெளிநாட்டுப் போசணைச் செயலிகள் பலவற்றில் பிட்டையும் சொதியையும் ஒடியற் கூழையும் வட்டிலப்பத்தையும் தேடிக் காண்பது அரிது. எனவே எமது உணவுகளுக்குரிய கணிப்புகளை எமது ஆசிரியைகளே தொகுத்து, வலய மட்டத்தில் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். வீட்டில் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் நிலையையும் மறந்துவிடலாகாது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலம் இதனை எமக்கு உணர்த்தியது. ஆகையால் அளக்கும் வேலை பாடசாலை நேரத்தில், குழு முறையில் நடைபெறுவதே நீதியானது. ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு தொலைபேசி ஆகியன ஒரு வகுப்புக்குப் போதுமானவை.

இறுதியாக, இக்கல்வி பெண் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியது என்ற மனப்பாங்கும் மாற வேண்டும். மின்கட்டணம் செலுத்துபவரும் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுபவரும் நாளை இவ்வகுப்பறைக்கு வெளியே நிற்கும் ஆண் பிள்ளைகளாகவும் இருக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விலையுயர்ந்த திரைகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், தமது பாடசாலையின் மனைப்பொருளியல் அறையில் சரியாக நிறுக்கும் ஒரு தராசு இருக்கின்றதா என்று கேட்டறிதல் நன்று. அக்கேள்வியிலிருந்தே இம்மாற்றம் ஆரம்பமாக முடியும் என்பது எமது நம்பிக்கையாகும்.