காந்தம் இழுக்கும், இரும்பு மறைக்கும்

கீமோ மருந்து கட்டியோடு நிற்பதில்லை. முடி கொட்டுகிறது, வாயெல்லாம் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. அதே மருந்தை இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் ஏற்றி ரத்தத்தில் செலுத்தி, கட்டி உள்ள இடத்தில் வெளியே காந்தத்தை வைத்தால் துகள்கள் அங்கேயே தங்கிவிடாதா? 1970களிலேயே எலிகளிடம் சோதித்துப் பார்த்த யோசனை இது. மனிதர்களிடம் நடந்த முதல் சோதனை 1996-ல் பெர்லினிலிருந்து வெளிவந்தது. எபிரூபிசின் மருந்து, 14 நோயாளிகள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் துகள்கள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

தடை காந்தத்திலேயே இருக்கிறது. தூரம் கூடக் கூட அதன் இழுவை சட்டென்று குறைந்துவிடும். வெளியே வைத்த காந்தம் எவ்வளவு பெரிதானாலும், அதன் முகத்தை ஒட்டிய இடத்தில்தான் இழுவை அதிகம். தோலுக்கு அருகில் உள்ள கட்டிக்குச் சரி. வயிற்றுக்குள் ஆழத்தில் கிடக்கும் கணையத்துக்கு என்ன செய்வது? போதாததற்கு, கல்லீரலும் மண்ணீரலும் துகள்களை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. கல்லீரல் புற்றுநோய்க்குத் தமனி வழியாகவே மருந்துத் துகள்களைச் செலுத்திய ஒரு பெரிய சோதனையும், இலக்கை எட்டாததால் 2004-ல் நின்றுபோனது. கட்டிக்கு அருகில் உடலுக்குள்ளேயே காந்தத்தைப் பொருத்தலாம் என்று நம்பிக்கையோடு உழைப்பவர்களும் உண்டு.

எனக்குப் பெரிய கவலை வேறு. 2010-ல் ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு இதற்கு நெருங்கிய சிகிச்சை ஒன்று அனுமதி பெற்றது. அதில் மருந்து கிடையாது. துகள்களைக் கட்டிக்குள் நேரடியாக ஊசியால் ஏற்றி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தால் சூடாக்குகிறார்கள். கூடவே கதிர்வீச்சும் தருகிறார்கள். காந்தப்புலத்துக்கு அருகில் உலோகம் இருக்கக் கூடாது என்பதால், பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட முன்னதாக எடுத்துவிட வேண்டும்.

இரும்போ கட்டியிலேயே தங்கிவிடுகிறது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் கறுத்துத் தெரியும். மூளைக் கட்டி திரும்புகிறதா என்று கண்காணிக்க எம்.ஆர்.ஐ.தான் முதன்மையான கருவி. அது பயன்படாமல் போக, மருத்துவர்கள் சி.டி. ஸ்கேனை நம்ப வேண்டியிருக்கிறது. சின்னதாக மீண்டும் முளைப்பது அதில் தப்பிவிட்டால்?

ரத்தத்தில் ஏற்றும் சிறிய அளவு இரும்பை உடல் மெல்லக் கரைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் கட்டிக்குள் குவித்த இரும்பு அப்படிக் கரைவதில்லை. கையெழுத்துக்காக நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் இது முதல் பக்கத்திலேயே, நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இனி எந்த ஸ்கேன், அதில் எது தெரியாது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் ஊசி ஏற்றும் முன்பே அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.