எமரால்டுக்கு எதற்கு பேட்டரி? டூப்ளிகேட் கேட்ரிட்ஜ் பற்றி ஒரு குறிப்பு

பழைய வீடியோ கேம் கேட்ரிட்ஜை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஓடுதா?" என்பதுதான். அந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை. டூப்ளிகேட்டும் ஓடும், நன்றாகவே ஓடும். முப்பது மணி நேரம் ஆடி, முடிக்கப்போகிற நேரத்தில்தான் கையை விரிக்கும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கேமை எடுத்துக்கொள்கிறேன்: போக்கிமான் எமரால்ட். நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸுக்காக ஜப்பானில் 2004-லும் அமெரிக்காவில் 2005-லும் வெளிவந்தது. இன்றைக்கும் தேடுகிறவர்கள் அதிகம், அதனால் போலியும் அதிகம். பெட்டி இல்லாத ஒரிஜினல் ஆங்கிலப் பதிப்பு நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதே பச்சை ஷெல், அதே ஸ்டிக்கரோடு டூப்ளிகேட் பத்து, பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. பதினைந்து டாலர் சரக்கை பதினைந்துக்கே விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. "சின்ன வயசுல ஆடினது, அலமாரியில கிடந்தது" என்று கதை சொல்லி எண்பதுக்குத் தள்ளும்போதுதான் சிக்கல்.

டூப்ளிகேட் என்பது நமக்குப் புதுசு இல்லை. 90-களில் நம்மூரில் 'டிவி கேம்' என்று ஆடியதில் பெரும்பகுதி நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல்தான். மஞ்சள் 'கேசட்'டில் 9999 இன் 1 என்று போட்டிருக்கும், உள்ளே கொஞ்சம் கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஏமாந்துவிட்டோம் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரிஜினலுக்கான விலையை நாம் கொடுக்கவும் இல்லையே!

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடலாம். "பவர் போட்டதும் நிண்டெண்டோ லோகோ வருது, அப்ப ஒரிஜினல்தான்" என்று சொல்வார்கள். பழைய கேம் பாயில் கேட்ரிட்ஜுக்குள் 48 பைட் அளவில் லோகோவின் படம் இருக்கும். கருவி தன்னிடம் உள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் அப்படியே நின்றுவிடும். அட்வான்ஸிலும் இதே ஏற்பாடுதான், அங்கே 156 பைட். அனுமதி இல்லாமல் கேம் வெளியிடுகிறவன் நிண்டெண்டோவின் டிரேட்மார்க்கையும் சேர்த்துக் காப்பி அடித்தாக வேண்டும் என்ற நிலைமையை இது உண்டாக்கியது. (சேகா நிறுவனமும் இதே மாதிரி ஒரு பூட்டைப் போட்டு, அக்கோலேட் என்ற கம்பெனி மேல் வழக்குத் தொடர்ந்தது. 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு சேகாவுக்குப் பாதகமாகப் போனது. அது தனியாக எழுத வேண்டிய கதை.) நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: டூப்ளிகேட் போடுகிறவன் மொத்த ரோமையும் அப்படியே நகலெடுக்கிறான், லோகோவும் கூடவே வந்துவிடுகிறது. லோகோ வருவதால் எதுவும் நிரூபணம் ஆகாது.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? 'சேவ்' ஆகும் இடத்தில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற சோதனைகள் பாதி தானாகவே புரிந்துவிடும்.

ஒரிஜினல் எமரால்டில் கேம் இருப்பது 16 எம்பி மாஸ்க் ரோமில். தொழிற்சாலையிலேயே பதித்தது, பிறகு யாராலும் மாற்ற முடியாது. நீங்கள் ஆடியது சேமிக்கப்படுவது 128 கேபி ஃபிளாஷ் சிப்பில். இந்த 128 கேபியை கேம் 32 துண்டுகளாக, துண்டுக்கு 4 கேபி வீதம் பிரித்துக்கொள்கிறது. முதல் 14 துண்டு ஒரு சேவ், அடுத்த 14 துண்டு இன்னொரு சேவ். ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் இந்த இரண்டு இடத்திலும் மாறி மாறி எழுதும். நடுவில் பவர் போய் ஒன்று கெட்டாலும் முந்தையது பத்திரமாக இருக்கும். டேட்டாபேஸ்காரர்கள் இன்றைக்குச் செய்கிற ஜாக்கிரதையை ஒரு குழந்தைகள் கேமில் அன்றைக்கே செய்திருக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. 28-வது துண்டிலிருந்து, அதாவது 112 கேபிக்கு மேலே, 'ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. எலைட் ஃபோரை ஜெயித்தவர்களின் பட்டியல் அது.

டூப்ளிகேட் போடுகிறவனுக்கு 128 கேபி ஃபிளாஷ் தனியாகப் போடுவது கூடுதல் செலவு. அதனால் இரண்டில் ஒன்று செய்வான். மலிவான எஸ்ராம் போட்டு அதை உயிரோடு வைத்திருக்க ஒரு பேட்டரியும் வைப்பான். இல்லையென்றால் கேமின் நிரலையே திருத்தி, கேம் இருக்கிற அதே சிப்பின் மூலையில் சேவையும் எழுத வைப்பான். முதல் வகையில் பேட்டரி தீர்ந்த அன்று சேவ் காலி. இரண்டாவது வகையில் எழுதும் நேரத்தில் பவர் ஆஃப் செய்தால் காலி. இதில் நினைவகத்தை 64 கேபியோடு நிறுத்திவிட்டால் வேடிக்கை இன்னும் அதிகம். இரண்டாவது சேவ் 56 கேபியில் ஆரம்பித்து 64-ஐத் தாண்டிப் போக வேண்டும், ஹால் ஆஃப் ஃபேமோ 112-க்கு மேல். அந்த இடமே போர்டில் இல்லை. "எலைட் ஃபோரை ஜெயித்தேன், சேவ் அழிந்துபோச்சு" என்று போலி எமரால்ட் வாங்கியவர்கள் புலம்புவதைப் படிக்கும்போது இந்தக் கணக்கைத்தான் நினைத்துக்கொள்வேன். பத்து வயசுப் பையனுக்கு அது ஒரு மாதத்து உழைப்பு.

இப்போது பேட்டரி விஷயம். ஒரிஜினல் எமரால்டிலும் ஒரு சிஆர்1616 பேட்டரி உண்டு. ஆனால் அது கடிகாரத்துக்கு மட்டும்தான், செடியில் பழம் காய்ப்பது, கடல் ஏறி இறங்குவது மாதிரி நேரம் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு. சேவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரூபி, சஃபையருக்கும் இதேதான். ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் கடிகாரமே இல்லை, அதனால் பேட்டரியும் இல்லை.

ஆகவே விற்கிறவர் "எமரால்ட், புது பேட்டரி போட்டாச்சு, இனிமே சேவ் அழியாது" என்று சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, இல்லை அது எஸ்ராம் போட்ட போர்டு. ஃபயர்ரெட்டுக்கு பேட்டரி மாற்றியதாகச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இதே வாக்கியத்தை முந்தைய தலைமுறை கோல்டு, சில்வர், கிரிஸ்டலுக்குச் சொன்னால் அது நியாயம். அவற்றில் சேவ், கடிகாரம் இரண்டையும் ஒரே சிஆர்2025 பேட்டரிதான் காப்பாற்றுகிறது.

எமரால்டை ஆரம்பித்ததும் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால் பயந்துவிடாதீர்கள். இருபது வருடப் பழைய சரக்கில் அது இயல்பு, கேம் ஓடும், சேவும் ஆகும். அதற்காக அதை ஒரிஜினலுக்கு அத்தாட்சியாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. கடிகாரமே இல்லாத டூப்ளிகேட்டும் இதே செய்தியைக் காட்டும்.

கையில் வைத்துப் பார்ப்பதானால், ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரிஜினலில் இரண்டு இலக்க எண் ஒன்று, சிலதில் கூடவே ஓர் எழுத்தும், மை இல்லாமல் அழுத்திப் பதித்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். அடுத்தது, கேட்ரிட்ஜின் அடிப்பக்கம் தெரியும் தங்க நிற முனைகள். அவற்றுக்குச் சற்று மேலே போர்டில் நிண்டெண்டோ என்று அச்சாகியிருக்க வேண்டும். எமரால்டின் ஷெல் பாதி ஒளி ஊடுருவும் பச்சை, டார்ச் அடித்தால் உள்ளே பேட்டரியின் வட்டம் நிழலாகத் தெரியும். ஸ்டிக்கரின் நிறம், ஷெல்லின் எழுத்து, மூன்று கால் ஸ்க்ரூ, இதையெல்லாம் நான் அவ்வளவாக நம்புவதில்லை. இப்போது வருகிற நகல்களில் எல்லாமே சரியாகச் செய்கிறார்கள். ஸ்டிக்கர் பார்த்தா அச்சு அசல். அழுத்திப் பதித்த எண்ணைக்கூட சிலர் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

போர்டுதான் பொய் சொல்லாது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திறந்த போர்டின் போட்டோ கேளுங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். ஒரிஜினல் போர்டில் சிப்புகள் ஒழுங்கான சதுர, செவ்வக உறைகளில் இருக்கும், பேட்டரி உலோகப் பட்டைகளோடு வெல்ட் செய்யப்பட்டிருக்கும். கறுப்பாக ஒரு எபாக்ஸி உருண்டை அப்பியிருந்தால் போலி, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். போட்டோ கேட்டதும் "திறந்தா வேல்யூ போயிடும்" என்பார்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுவதால் எதுவும் போகாது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை என்பது நியாயமான பதில், அப்போது முனைகளின் போட்டோவாவது கேட்கலாம். அதுவும் வராது என்றால் விட்டுவிடுவது நல்லது. விளம்பரத்தில் 'ரீப்ரோ' என்ற சொல் ஏதாவது மூலையில் ஒளிந்திருக்கிறதா என்றும் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

நேரில் வாங்கும்போது பழைய டிஎஸ் லைட் ஒன்று கையில் இருந்தால் நல்ல சோதனை ஒன்று உண்டு. மேல் ஸ்லாட்டில் போக்கிமான் டயமண்ட் அல்லது பேர்ல், கீழே எமரால்ட். டயமண்டின் முதல் மெனுவிலேயே எமரால்டிலிருந்து இடம்பெயர்ப்பதற்கான வரி தோன்ற வேண்டும். வரி வருவதோடு விடாமல் பால் பார்க்குக்கு உண்மையிலேயே மாற்றிப் பார்த்தால் இன்னும் உறுதி. டிஎஸ் நேரடியாக ஃபிளாஷ் சிப்போடு பேச முயற்சி செய்யும், எஸ்ராம் போட்ட போர்டு பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

முதல் தலைமுறை கேம் பாய் கேம்களில் இன்னொரு கவலையும் சேர்கிறது. அந்தக் கருவி 5 வோல்ட்டில் ஓடுவது, அட்வான்ஸ் கேம்கள் 3.3 வோல்ட். மலிவு போர்டுகளில் 3.3 வோல்ட் சிப்பை நடுவில் எந்த மாற்றியும் இல்லாமல் 5 வோல்ட்டில் கட்டிவிடுகிறார்கள். சிப் அதன் வரம்பைத் தாண்டி வேலை செய்கிறது, அதன் பாரம் கருவியின் மேலும் விழும். கருவியையும் ஆசையாகப் பாதுகாக்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

என்னைப் போல கம்ப்யூட்டரில் நோண்டுகிறவர்களுக்கு கேட்ரிட்ஜ் ரீடர் உண்டு. ரோமைப் படித்து, அதன் ஹாஷை நோ-இன்ட்ரோ பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடலாம். சேவுக்காக நிரலைத் திருத்திய டூப்ளிகேட் உடனே பிடிபடும். ரூபி, சஃபையர், ஃபயர்ரெட்டுக்கெல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாஷ் பொருந்தினால் நிரல் சரி என்று மட்டும்தான் அர்த்தம், போர்டு வேறு கதை. ரீடரில் எழுதும் வசதியும் இருக்கும், மாஸ்க் ரோமில் எழுத முடியாது, எழுத முடிந்தால் போலி என்று சிலர் அதையே சோதனையாகச் செய்கிறார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் போலியாக இருந்தால் உள்ளே இருக்கிற கேம் அழிந்துவிடும், பணத்தைத் திரும்பக் கேட்கும்போது விற்றவர் "நீங்கதான் கெடுத்தீங்க" என்பார். படிப்பதோடு நிறுத்திக்கொண்டு, போர்டின் போட்டோவை எடுத்து அனுப்புங்கள்.