கம்பெடுக்கும் முன் ஒரு வணக்கம்

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்காமல் கடந்திருக்க இயலாது. பதினேழாம் நூற்றாண்டில், கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவரால் கட்டப்பட்டது என்பர். அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் மூன்றடுக்கு மதில்களும் இன்றும் நிற்கின்றன. 1751-ஆம் ஆண்டு வாலிகொண்டாப் போர் நிகழ்ந்த பகுதி இது. சந்தா சாகிப், முகம்மது அலி ஆகிய இருவரின் படைகளிலும் இந்துக்களும் இஸ்லாமியரும் தோளோடு தோள் நின்றே போரிட்டனர்.

கடந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசித்துவிட்டு இப்பகுதியில் வாழும் நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். (திங்களும் வெள்ளியுமே அங்கு நடை திறந்திருக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.) மாலையில் அவர் என்னைச் சிலம்பப் பயிற்சி நடைபெறும் திடலுக்கு அழைத்துச் சென்றார். வாத்தியார் ஒரு மூலையில் அகல் ஏற்றிச் சூடம் காட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சூடத்தை ஒற்றிக்கொண்டு, மண்ணைத் தொட்டுக் கண்களில் வைத்து, கம்பைக் கையில் எடுத்தனர். தொப்பி அணிந்த சிறுவன் ஒருவன் மட்டும் நான்கடி தள்ளிக் கைகட்டி நின்றான்.

என் மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைப்பானேன்? "கலை வேண்டும், அதன் வணக்கம் மட்டும் வேண்டாமோ?" என்றுதான் தோன்றியது. வாத்தியாரிடமும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"சூடத்துக்குக் கை நீட்டுன்னு நான் சொல்லலைங்க ஐயா. சொன்னா அவங்க அப்பா அனுப்ப மாட்டார். இந்தப் பையன் ஒரு நாள் கம்பைக் காலால தாண்டினதில்லை. எனக்கு அது போதும்."

பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடிய முதல் வரிசையின் பெயரைக் கேட்டேன். சலாம் வரிசை என்றார். ஆசானையும் அவையையும் வணங்கித் தொடங்கும் அந்த வரிசைக்கு நம் முன்னோர் தயக்கமின்றி வைத்துக்கொண்டது ஓர் அரபுச் சொல்! அச்சிறுவனும் மற்றவர்களோடு சேர்ந்து அதை அழகாகவே ஆடினான்.

கேரளத்துக் களரியில் இவ்வணக்கம் இன்னும் விரிவானது. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடைய பள்ளமான மண்தரை. வலக்கால் வைத்து இறங்கி மண்ணைத் தொட்டு வணங்குவர். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு அமைந்த பூத்தறையில் தேவி உறைகிறாள் என்பது நம்பிக்கை. அத்தகைய கலையையே மலபாரில் இஸ்லாமியரும் பயின்றனர். குருக்கள் என்ற பட்டத்தோடு கற்பிக்கவும் செய்தனர். ஐயப்ப பக்தர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆலப்புழை முகம்மாவிலுள்ள சீரப்பன்சிறைக் களரியில் ஐயன் போர்க்கலை பயின்றதாக ஐதிகம். அவனோடு போர்புரிந்து பின்னர் தோழனானவர் வாவர். எருமேலியில் மரத்தாலான ஆயுதங்களை ஏந்திப் பேட்டை துள்ளும் பக்தர்கள் வாவர் பள்ளிவாசலுக்குச் சென்ற பிறகே மலைப் பயணத்தைத் தொடர்கின்றனர். வாவரை மதம் மாறச் சொல்லித் தோழமை கொண்டதாக எந்தக் கதையும் இல்லை.

இதே வினா மறுபுறமிருந்தும் என்னிடம் வந்ததுண்டு. அயல்நாட்டில் வாழும் என் மகள் ஒரு நாள் தொலைபேசியில், "அப்பா, பாப்பா சேர்ந்திருக்கும் பயிற்சிக்கூடத்தில் சுவரிலுள்ள ஜப்பானியப் பலகைக்குத் தலைவணங்கச் சொல்கிறார்கள். வணங்கலாமா?" என்று கேட்டாள். தாராளமாக வணங்கட்டும் என்று உடனே சொல்லிவிட்டேன். வங்கியில் ஆயுத பூஜையன்று பேரேட்டுக்கும் பணமெண்ணும் இயந்திரத்துக்கும் பொட்டிட்டவனுக்கு வேறு என்ன விடை தோன்றும்? எங்கள் கிளையில் பணியாற்றிய கிறிஸ்தவக் காசாளர் பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார். பொரி கடலையை மட்டும் இரண்டு பங்கு வாங்கிச் செல்வார். நமக்கு எளிதானது எல்லோருக்கும் எளிதன்று என்பதை அன்றே உணர்ந்திருக்கலாம்.

1882-இல் ஜிகோரோ கானோ தோற்றுவித்த ஜூடோவிலும் இவ்வழக்கு எழுந்தது. ஆட்டவிரிப்பு முதலிய உயிரற்ற பொருள்களுக்குத் தலைவணங்குவது தங்கள் நம்பிக்கைக்கு மாறானது என்று அமெரிக்காவில் சில வீரர்கள் நீதிமன்றம் சென்றனர். அவ்வணக்கம் சமயச் சடங்கு அன்று, விளையாட்டின் மரியாதையே என்று சியாட்டில் நகரக் கூட்டாட்சி நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு அது போதும். ஆனால் நாம் அந்த விடையைக் கடன் வாங்க முடியுமா? மண்ணைத் தொடும்போது நாம் பூமாதேவியை அல்லவா தொடுகிறோம்? "இது வெறும் மரியாதைதான், நீயும் செய்" என்று அச்சிறுவனிடம் சொன்னால் நம் வணக்கத்தை நாமே சிறுமைப்படுத்தியவர்களாவோம். அது வழிபாடு என்று நாம் மெய்யாகவே நம்பினால், அவனை நான்கடி தள்ளி நிற்க விடுவதுதான் நேர்மை.

அதற்காக அகலை அணைக்கச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். விளக்கு இருக்கட்டும், வணங்குவோர் வணங்கட்டும். இந்தத் திடலில் விளக்கை எடுக்கும்படி எவரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உடலுக்கு ஊறு நேரும் இடத்தில் மட்டும் வாத்தியார் எவருக்கும் விலக்களிப்பதில்லை. கார்த்திகையில் மாலையணிந்த பிள்ளைகள் அதனைப் பனியனுக்குள் செருகிக் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பின் நுனியில் மாலை சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. ஊசி குத்திய முக்காட்டோடு வந்த சிறுமியிடம் ஊசியில்லாமல் கட்டிவரச் சொன்னார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலும் இதுவே நடந்தது. சவூதி அரேபியாவின் வுஜ்தான் ஷஹர்கானி என்ற பதினாறு வயதுப் பெண் தலையை மறைத்து ஜூடோ ஆட விரும்பியபோது, கழுத்து நெரிபடும் என்று கூட்டமைப்பு முதலில் மறுத்தது. பின்னர் ஆபத்தில்லாத ஒரு தலையுறைக்கு இசைந்தது. 82 விநாடிகளில் அவர் தோற்றார் என்றாலும், ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் சவூதிப் பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ரமலான் நோன்பு நாள்களில் நம் வாத்தியார் அந்தச் சிறுவனைச் சுற்று வரிசையோடு நிறுத்திவிடுவாராம், ஓட விடுவதில்லை.

இருட்டிய பின் கம்புகளை அடுக்கிவிட்டு, வாத்தியார் என்னிடம் தம் சந்தேகம் ஒன்றைக் கேட்டார். பயிற்சிக் குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டுமாம். சங்க விதிகளும் தீர்மானமும் வேண்டும், முதலில் குழுவுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றேன். அங்குதான் சிக்கல் என்றார். சிலர் அம்மன் பெயரைச் சொல்கிறார்கள், சிலர் கோட்டையின் பெயரே போதும் என்கிறார்கள். பெற்றோர்கள் இருமுறை கூடியும் முடிவாகவில்லை. தொப்பியணிந்த சிறுவனின் தந்தை இரண்டு கூட்டத்திலும் வாய் திறக்கவில்லையாம். அவர் கருத்தையும் கேட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.