ஓரக்கல்லின் கதை

சென்ற மாதம் மூத்தம்மாவைச் சக்கர நாற்காலியில் கிளினிக்குக் கூட்டிச் சென்றோம். மருந்துக் கடைக்குப் போக நடைபாதையில் ஏற வேண்டும். ஓரத்துக் கல் தடுத்தது. வாப்பாவும் ஓர் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். “ஒரு சாண் கல்லுக்கு இவ்வளவு பாடா புள்ள?” என்று மூத்தம்மா கேட்டார்.

அந்தக் கல்லை ஆங்கிலத்தில் ‘கேர்ப்’ என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன்.

‘வளைந்தது’ என்று பொருள்படும் ‘குர்வுஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரையின் கீழ்த்தாடையை வளைத்துக் கடிவாளத்தோடு இணையும் வாருக்கே முதலில் இப்பெயர் இருந்தது. அந்த வார் குதிரையை அடக்கியதால், ‘அடக்கு, கட்டுப்படுத்து’ என்ற வினைப்பொருளும் பிறந்தது. பின்னர் கிணற்றைச் சுற்றிய கட்டுக்கும், அதன் பின் வீதியின் ஓரக்கல்லுக்கும் அதே பெயர் வந்தது.

பரீட்சை எழுதும் தோழிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானிய முறையில் கல்லைக் குறிக்கும் சொல் ‘கே’ எழுத்தில் தொடங்கும். அடக்குதலைக் குறிப்பது ‘சீ’ எழுத்தில் தொடங்கும். அமெரிக்கர் இரண்டுக்கும் ‘சீ’யையே எழுதுவர்.

சொல்லை விடக் கல் பழையது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெய் நகரின் வீதிகளில் ஓரக்கல் பதித்த உயரமான நடைபாதைகளை இன்றும் காணலாம். வண்டிச் சில்லு மனிதர் மீது ஏறாமல் தடுப்பதும், மழைநீரைக் கானுக்குத் திருப்புவதும் ஓரக்கல்லின் வேலை.

ஆனால் வண்டியை அடக்க வைத்த கல் மூத்தம்மாவையும் அல்லவா அடக்கிவிட்டது! அமெரிக்காவின் பெர்க்லி நகரில் சக்கர நாற்காலியில் செல்லும் மாணவர்களும் இதே துன்பத்தை அனுபவித்தார்கள். அவர்கள் போராடியதால் 1970களின் தொடக்கத்தில் அங்கே ஓரக்கற்களை வெட்டிச் சரிவுகள் அமைக்கப்பட்டன. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய்க்கும், சுமை வண்டி தள்ளுபவருக்கும் அந்தச் சரிவு உதவியது. நம் நாட்டிலும் பொதுக் கட்டிடங்கள், பொது இடங்களுக்கான அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாகின.

மருந்துக் கடைக்கு முன்னால் ஒரு சரிவு அமைத்துத் தருமாறு எங்கள் உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வாப்பா கையொப்பமிட்டார். மூத்தம்மாவின் அடுத்த கிளினிக் வரும் மாதம். இன்ஷா அல்லாஹ், அதற்குள் பதில் வரும் என்று காத்திருக்கிறோம்.