நுணுக்கத்தின் விலை

உள்ளங்கையிற் சற்றே நீண்ட ஒரு மாதிரி யுத்த டாங்கியின் விலை, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாட் சம்பளத்துக்குச் சமமாக இருப்பது எவ்வாறு? அதிலே அடங்கியிருப்பது சில நூறு கிராம் பிளாஸ்டிக்கு மட்டுமே. கடைக் கண்ணாடிக்குள் அதனைக் கண்டு விலைச்சீட்டையும் வாசித்துவிட்ட எந்தப் பெற்றோருக்கும் இவ்வினா எழுவது இயல்பு. இதற்கு விடை, பொருளிலே இல்லை. பொருளின்மீது காட்டப்படும் நுணுக்கத்திலேயே இருக்கிறது.

மாதிரி என்பது பொம்மையின் வேறுபட்டது. பொம்மை ஒரு பொருளை நினைவூட்டினாற் போதும். மாதிரியோ அப்பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்திற் குறைத்துக் காட்டுவது. யுத்த டாங்கி மாதிரிகளுள் உலகெங்கும் பெருவழக்காகிய விகிதம் முப்பத்தைந்தில் ஒன்று. மலைநாட்டு நேயர்கள் இவ்விகிதத்தைத் தமக்குத் தெரிந்த பொருளால் அளந்து பார்க்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயன் அறை ஒன்றை இவ்வாறு சுருக்கினால், அது சுமார் 9 சென்ரிமீற்றருக்குப் பத்தரைச் சென்ரிமீற்றர் கொண்ட ஒரு சிறு பெட்டியாகும். ஐந்தடி உயரமுள்ள கொழுந்து பறிக்கும் பெண் நாலரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்குள் அடங்கிவிடுவாள். அவள் விரல்களுக்கிடையே உள்ள இரண்டங்குல நீளத் தேயிலை, ஒன்றரை மில்லிமீற்றராகிவிடும்.

இதுவரை சிக்கல் இல்லை. லயனின் கூரைத் தகரத்தைச் சுருக்க முற்படும்போதே சிக்கல் தொடங்குகிறது. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தகரத்தை முப்பத்தைந்தால் வகுத்தால், தலைமயிரின் தடிப்பில் ஐந்திலொரு பங்கே எஞ்சும். அத்தனை மெல்லிய ஏட்டைப் பிளாஸ்டிக்கில் வார்க்க இயலாது. வார்த்தாலும் கை பட்டவுடன் நொறுங்கும். ஆகவே மாதிரி செய்பவர் தகரத்தை உண்மைக்கு மாறாகத் தடிப்பாகவே செய்கிறார். யுத்த டாங்கியின் சக்கரங்களுக்கு மேலுள்ள மெல்லிய தகட்டுக்கும், பின்புறத்துக் காற்றுவழி வலைக்கும் இதே நிலைதான். எந்த மாதிரியும் முழு உண்மையன்று. எங்கே உண்மையைக் காப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்னும் தீர்மானங்களின் தொகுப்பே மாதிரி. அத்தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

விலை எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிய, இம்மாதிரிகள் செய்யப்படும் முறையை அறிதல் வேண்டும். கடினமான உருக்கிலே ஓர் அச்சு வெட்டப்படுகிறது. உருகிய பிளாஸ்டிக்கு மிகுந்த அழுத்தத்தோடு அதனுட் செலுத்தப்படுகிறது. குளிர்ந்ததும் அச்சின் இரு பாதிகளும் விலக, பாகங்கள் வெளிவருகின்றன. பிளாஸ்டிக்கு மலிவு, அச்சோ மிக விலையுயர்ந்தது. ஒரு பெட்டிக்குள் 100 பாகங்கள் இருந்த இடத்தில் 600 பாகங்கள் வைக்க வேண்டுமாயின், அச்சுகளும் அவற்றை வெட்டும் திறமைசாலிகளின் நாட்களும் அதற்கேற்பப் பெருகும்.

இன்னொரு தடையும் உண்டு. குழிப்பணியாரச் சட்டியை எண்ணிப் பார்க்கலாம். குழியின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதனாற்றான் பணியாரம் சுலபமாகக் கழன்று வருகிறது. அடி அகன்று வாய் குறுகியிருந்தால், பணியாரத்தை உடைத்தே எடுக்க வேண்டும். அச்சுக்கும் அதே விதிதான். டாங்கியின் சுழல் கோபுரத்துக்கு மேலே மட்டுமன்றிப் பக்கங்களிலும் ஆணித் தலைகளும் கொக்கிகளும் வேண்டுமென்றால், பக்கவாட்டிலே நகர்ந்து விலகும் தனித் துண்டுகளை அச்சிலே அமைக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குச் சில புள்ளிகளே கூடுகின்றன; செய்பவர் கணக்கிலோ பெருந்தொகை கூடுகிறது.

இத்தொகையைப் பகிர்ந்துகொள்வோர் எத்தனை பேர் என்பதே விலையை நிர்ணயிக்கும். ஓர் அச்சுக்கு ஒரு கோடி ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பெட்டிகள் விற்றால், ஒரு பெட்டியின் மேல் விழும் அச்சுச் செலவு 100 ரூபாய். ஐயாயிரம் பெட்டிகளே விற்றால் அது 2000 ரூபாயாகும். நுணுக்கம் கூட விலை ஏறுகிறது. விலை ஏற வாங்குவோர் குறைகின்றனர். வாங்குவோர் குறைய, எஞ்சியவர் தலைமீது செலவு மேலும் ஏறுகிறது. இந்தச் சுழலே இத்தொழிலின் நோய்.

இத்தொழிலின் வரலாறு இதற்குச் சான்று கூறும். இங்கிலாந்திலே லிவர்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனம், டிங்கி என்ற பெயரில் உலோகத்தால் வார்த்த சிறு வண்டிகளை 1930களில் விற்கத் தொடங்கியது. அதன் செஞ்சூரியன் டாங்கி 1954 இல் வெளிவந்தது. கனமான உலோக உடல், உருளும் இரப்பர்ப் பட்டை, சுழலும் கோபுரம் ஆகியவை கொண்ட அதிலே நுணுக்கம் குறைவு. ஆயினும் மணலிலும் சேற்றிலும் விளையாடத் தக்க உறுதி இருந்தது. எயர்ஃபிக்ஸ் என்ற மற்றொரு நிறுவனம் 1952 இல் கோல்டன் ஹைண்ட் என்னும் கப்பலின் பிளாஸ்டிக்கு மாதிரியை, அட்டைப் பெட்டியைத் தவிர்த்துச் சாதாரணப் பையில் இட்டு, வூல்வர்த் கடைகளில் இரண்டு சிலிங்குக்கு விற்றது. பின்னர் 1960களில் டாங்கிகளையும் எழுபத்தாறில் ஒன்று என்னும் சிறிய விகிதத்திற் செய்தது. சிறுவனின் கைச்செலவுப் பணத்துக்குள் விலையை அடக்குவதே அந்நிறுவனம் கண்ட வழி.

யப்பானில் ஷிசுஒக்கா நகரத்துத் தமியா நிறுவனத்தின் கதை இன்னும் படிப்பினையுள்ளது. 1946 இல் மரவாடியாகத் தொடங்கிய அந்நிறுவனம் பின்பு மர மாதிரிகள் செய்து, 1960 இல் யமாத்தோ என்னும் போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. போட்டி நிறுவனம் மலிவான விலை வைத்தமையால், இதுவும் விலையைக் குறைக்க நேர்ந்தது. அச்சுச் செலவு மீளவில்லை. அடுத்த சில ஆண்டுகளிற் பந்தர் என்னும் ஜெர்மன் டாங்கியை அது செய்தபோது, உள்ளே ஒரு மின்மோட்டரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனையாயிற்று. அவை அடங்கும் அளவுக்கு உடலை அமைத்துக் கணக்கிட்டபோது கிடைத்த விகிதமே முப்பத்தைந்தில் ஒன்று. உலகெங்கும் இன்று மதிக்கப்படும் இவ்விகிதம் கலை நோக்கத்தாற் பிறந்ததன்று. மின்கலத்தின் பருமனாற் பிறந்தது. மோட்டருக்கு இடம்விடச் சில அக்கால டாங்கிகளின் அகலம் உண்மையினின்றும் வழுவியதும் உண்டு. ஆயினும் அவை தாமே ஊர்ந்து மேடேறின. சிறுவர் அதனையே உண்மை என்று கொண்டாடினர்.

பின்னர் அந்நிறுவனம் நுணுக்கத்தின் பக்கம் திரும்பியது. அதன் தலைவராக விளங்கிய சுன்சக்கு தமியா, அமெரிக்காவிலுள்ள அபர்டீன் படைத்துறைத் தொகுப்புக்குச் சென்று உண்மையான டாங்கிகளைப் புகைப்படம் எடுத்தார். 1970களிற் போர்ஷே கார் ஒன்றின் மாதிரிக்காக, அந்நிறுவனம் உண்மையான கார் ஒன்றையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தது. 1976 இல் வெளிவந்த அம்மாதிரி பெரும் புகழ் பெற்றது. ஆனால் அதன் விற்பனை மட்டும் செலவை ஈடுசெய்யவில்லை. அதே உடலை வானொலி அலைகளால் இயக்கும் விளையாட்டுக் காராக விற்ற பின்பே முதல் திரும்பியது. நுணுக்கத்தின் கடனை விளையாட்டு அடைத்தது எனலாம்.

எல்லாருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. மெக்கானோவின் லிவர்பூல் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. எயர்ஃபிக்ஸ் 1981 இல் கடன்காரர் கைக்குச் சென்றது. பொருளாதார மந்தமும், மின்னணு விளையாட்டுகளின் வரவும், உயர்ந்து சென்ற செலவும் சேர்ந்து இவற்றை வீழ்த்தின. அந்தப் பெயர்கள் பின்னர் கைமாறி வாழ்ந்தபோதிலும், சிறுவன் தன் காசைக் கொடுத்து வாங்கும் பொருள் என்ற நிலை மெல்ல மறைந்தது. இன்று சில டாங்கி மாதிரிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாகங்களோடு வருகின்றன. இயந்திரமும் ஆசனங்களும் குண்டு அடுக்குகளும் உள்ளே முழுமையாக அமைக்கப்படுகின்றன. மேல்மூடியை ஒட்டியவுடன் அவற்றுட் பெரும்பாலானவை யார் கண்ணுக்கும் தெரியாமற் போகின்றன.

வண்ணம் பூசி முழுமையாகச் சேர்த்தே விற்கப்படும் சேகரிப்பு டாங்கிகளில் இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வோர் இலக்கத்தையும், துருக்கறையையும், சேற்றுப் படிவையும் தொழிற்சாலையில் ஒரு மனிதக் கை இட வேண்டும். அச்சுச் செலவை ஆயிரம் பேருக்குப் பகிரலாம். கைவேலையைப் பகிர முடியாது. ஒரு பொருளுக்கு அரை மணி நேரமாயின், ஆயிரம் பொருளுக்கும் தலைக்கு அரை மணி நேரமே.

மலைநாட்டார்க்கு இக்கணக்குப் புதிதன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் தேயிலையின் தரம் உயரும். ஆனால் கூடை மெல்லவே நிறையும். முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் நிறை கூடும். கோப்பையிற் சுவை குறையும். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டியிருக்கையில், எவ்வளவு மென்மையாகப் பறிப்பது என்பதை ஒவ்வொரு தோட்டமும் சந்தை விலையோடு வைத்தே தீர்மானிக்கிறது. மென்மை நல்லது என்பதற்காக மொட்டை மட்டும் பறிக்கும் தோட்டம் மிகச் சில செல்வர்க்கே தேயிலை விற்கும்.

விலையேற்றம் எனும்போது நாணய மதிப்பையும் மறத்தல் ஆகாது. 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். ஆகவே 20 டொலர் பெறும் ஒரு மாதிரிப் பெட்டி நான்கு நாட் சம்பளத்துக்குச் சமம். அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் சுமார் 360 ரூபாயை எட்டியது. சம்பளம் மாறவில்லை, பெட்டியில் ஓர் ஆணித் தலைகூடக் கூடவில்லை, விலை மட்டும் ஏழு நாட் சம்பளத்தைக் கடந்தது. 2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரூபாயும் ஓரளவு தேறியது; எனினும் பழைய மதிப்புக்கு மீளவில்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்குச் சிறு உயர்வாகத் தோன்றும் விலை, ஹற்றனிலுள்ள ஒரு மாணவனுக்கு மூடப்பட்ட கதவாகிவிடுகிறது.

அவ்வாறாயின் நுணுக்கத்தின் எல்லை எது? கண்ணே முதல் எல்லை. கண்ணுக்கு ஓரடி தூரத்திலுள்ள பொருளில், ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்குக்குக் குறைந்த விவரத்தைச் சாதாரணப் பார்வை பிரித்தறிவதில்லை. இரண்டு சென்ரிமீற்றர் அகலமான ஆணித் தலை முப்பத்தைந்தில் ஒன்றாகச் சுருங்கியும் அரை மில்லிமீற்றருக்குமேல் இருப்பதால் அது வேண்டும். அதன்மேலுள்ள கீறல் வேண்டியதில்லை. இரண்டாவது எல்லை உருவம். உடலின் நீள அகலமும், கோபுரத்தின் சாய்வும், சக்கரங்களின் இடைவெளியும் பிழைத்தால், ஆயிரம் ஆணிகளும் அதனைக் காப்பாற்றா. அவை சரியாக அமைந்தால், ஆணிகள் குறைந்தாலும் மாதிரி தன்னைத் தான் அறிவிக்கும். சரியான உருவத்துக்கும் பிழையான உருவத்துக்கும் அச்சுச் செலவு ஒன்றே. ஆதலால் உண்மையின் மிகப் பெரிய பகுதி மிகக் குறைந்த செலவிற் கிடைப்பது என்பதே இத்துறையின் நற்செய்தி.

எஞ்சியதை விரும்புவோர் தனியே வாங்கிக்கொள்ள வழியுண்டு. அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளை வலைகளும் தகடுகளும் தனிப் பொதிகளாக விற்கப்படுகின்றன. பிளாஸ்டிக்கால் இயலாத மென்மையை இவை தருகின்றன. அடிப்படைப் பெட்டி எளிமையாகவும் மலிவாகவும் இருக்க, மேல்நுணுக்கம் வேண்டுவோர் மட்டும் அதன் விலையைக் கொடுக்கும் இம்முறையே நீதியானது.

இந்நாடு 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாடு. யுத்த டாங்கியைச் சிறுவர் கையிற் கொடுப்பதா என்று தயங்கும் பெற்றோர் இருப்பர். அத்தயக்கம் மதிக்கத் தக்கது. இங்கே கூறிய கணக்கு, புகைவண்டி மாதிரிக்கும் தேயிலைத் தொழிற்சாலை மாதிரிக்கும் அப்படியே பொருந்தும்.

காசில்லாதவருக்கும் ஒரு டாங்கி உண்டு. நூல் சுற்றிய மரக்கட்டை ஒன்று, இரப்பர் வளையம் ஒன்று, மெழுகுதிரித் துண்டு ஒன்று, இரண்டு குச்சிகள் ஆகியவற்றால் உலகிற் பல நாட்டுச் சிறுவர்களும் அதனைச் செய்திருக்கின்றனர். கட்டையின் விளிம்பைப் பற்களாக வெட்டி, துளைவழியே செலுத்திய இரப்பரைக் குச்சியால் முறுக்கி விட்டால், அது மெதுவாக ஊர்ந்து புத்தகத்தின் சரிவிலும் ஏறும். வழுவழுப்பான மெழுகு முறுக்கை ஒரேயடியாக விடாது சிறிது சிறிதாக விடுவிக்கிறது. வெட்டிய பற்கள் தரையைப் பற்றுகின்றன. அதற்கு டாங்கியின் தோற்றம் சிறிதும் இல்லை. ஆயினும் டாங்கி ஏன் பள்ளத்தையும் சேற்றையும் கடக்கிறது என்பதை, ஆயிரம் பாகமுள்ள மாதிரியைவிட அதுவே தெளிவாகக் கற்பிக்கிறது.

எனவே மாதிரி வாங்குவோரும் செய்வோரும் முதலிற் கேட்கத்தக்க வினா, இது எவ்வளவு உண்மையானது என்பதன்று. எந்த உண்மை இதிலே வேண்டும் என்பதே. பார்வைக்கு வேண்டுமாயின் உருவத்துக்குச் செலவிடலாம். இயக்கத்தை அறிய வேண்டுமாயின் நூற்கட்டையே போதும். மூடிக்குள் மறைந்துபோகும் உண்மையை வேண்டுவோர், அதன் விலையையும் அறிந்தே வாங்குதல் நன்று.