திண்டிவனத்தில் அப்பா, அமெரிக்காவில் பள்ளிக்கூடம்

செப்டம்பர் பிறந்தால் திண்டிவனத்துப் பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சைக் கவலை. ஜூனில் அட்டை போட்ட நோட்டெல்லாம் அதற்குள் முனை மடங்கிப் போயிருக்கும். அமெரிக்காவில் பல இடங்களிலோ அப்போதுதான் புதுப் பையும் புது வகுப்புமாகப் பள்ளி ஆண்டு பிறக்கிறது. வடக்கு மாநிலங்களில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும். இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் நடுவே வாழும் குடும்பங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்று தெருவுக்குத் தெரு உண்டு. நம்மவர்கள் விமானம் ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அந்த அவதியைப் பட்ட குடும்பம் ஒன்று திண்டிவனத்தில் இருந்தது. அவர்கள் அங்கிருந்து இங்கே வந்தவர்கள்.

அந்தக் குடும்பத்தின் பெயர் ஸ்கடர். அந்தப் பெயரைக் கேட்டதும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அந்த வம்சத்தின் மூத்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். அவருடைய மகன்கள் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். 1853இல் ஆற்காடு மிஷன் தொடங்கியதும் இந்தக் குடும்பம்தான். மகன்களில் ஒருவர், தந்தையின் பெயரையே தாங்கிய இன்னொரு டாக்டர் ஜான் ஸ்கடர். அவருக்கும் மனைவி சோபியாவுக்கும் ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் ஐடா. பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில்.

தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்தது ஐடாவின் சிறுவயது ஞாபகம். 1878இல் குடும்பம் அமெரிக்கா திரும்பி, நெப்ராஸ்கா மாநிலத்தில் பண்ணை வீட்டில் தங்கியது. சிறுமிக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போனது. ஆனால் 1882இல் அப்பா மறுபடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு அம்மாவும் போனார். பெண்ணை மட்டும் சிகாகோவில், பெரியப்பா ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா போன இரவு, அவர் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து ஐடா அழுததாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? பாசம் இல்லாமல் அல்ல. காலராவும் வெயிலும் ஒருபுறம் பயமுறுத்தின. அதைவிடப் பெரிய காரணம் பள்ளிக்கூடம். அமெரிக்கக் கல்லூரியில் சேர வேண்டுமானால் அமெரிக்கப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அப்படியொரு பள்ளி அன்று தென்னாட்டில் இல்லை. ஆகவே பத்து, பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிடுவது மிஷனரி வீடுகளில் வழக்கமாகவே இருந்தது.

பெரியப்பாவும் பின்னால் ஜப்பானுக்கு ஊழியம் செய்யக் கிளம்பிவிட, ஐடா மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளி விடுதிக்குப் போனார். இலையுதிர்காலத்தில் பள்ளி திறந்ததும் மகள் எழுதிப் போட்ட கடிதம் கப்பல் மாறி, ரயில் மாறி இங்கே வந்து சேர ஏறக்குறைய ஒரு மாதம். இங்கே ஐப்பசி அடைமழை பிடித்திருக்கும். பதில் போய்ச் சேர்வதற்குள் அங்கே பனி கொட்டியிருக்கும். காய்ச்சல் என்று மகள் எழுதியிருந்தால், அம்மா படித்துப் பதறும்போது அந்தக் காய்ச்சல் என்றோ விட்டுப்போயிருக்கும்.

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று, பெற்றோர் அப்போது இருந்த திண்டிவனத்துக்கு ஐடா வந்தார். மிஷனரியாகும் எண்ணம் துளியும் இல்லை. அம்மா தேறியதும் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். அங்கே அவர்கள் வசித்த பங்களாவுக்குத்தான் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் துடித்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனமில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் டாக்டராகத் திரும்பினார். அப்பாவோடு சேர்ந்து வேலை செய்யக் கிடைத்தது சில மாதங்களே. அந்த ஆண்டு மே மாதத்தில் அப்பா காலமானார்.

திண்டிவனத்து இரவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சிகாகோ இரவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மிஷனரிகள் ஊருக்குச் செய்த தொண்டின் கணக்கில், அப்படிப் பிரிந்திருந்த அவர்கள் பிள்ளைகளின் பங்கையும் சேர்ப்பதுதான் நியாயம்.

1901இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். பிள்ளைகள் மலையில், பெற்றோர் சமவெளியில். பிரிவு பிரிவுதான், ஆனால் நடுவில் கடல் இல்லை. கோடையில் பெற்றோரும் மலையேறிவிடலாம்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. பிள்ளைகள் பெற்றோரோடுதான் இருக்கிறார்கள். விட்டுப்போவது தாத்தா பாட்டியை. வருகை விசாவில் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி கிடைப்பதால், பையன் வீட்டார் ஆறு மாதம், பெண் வீட்டார் ஆறு மாதம் என்று சம்பந்திகள் முறைவைத்துப் போய்வருகிறார்கள். செப்டம்பர் கடைசியில் நியூஜெர்சிக் குளிரில் சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லாயோடு மஞ்சள் பேருந்துக்காகப் பேரனோடு நிற்பது அந்த முறைவேலையில் சேர்த்தி.

டிபன் டப்பாவிலும் சிக்கல் உண்டு. திண்டிவனம், தன் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் வழியே டி.எம்.வி. வேர்க்கடலை ரகங்களைத் தந்த ஊர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை இல்லாத வீடே இங்கு கிடையாது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றிலோ ஒவ்வாமை பயத்தால் வேர்க்கடலைக்குத் தடை, அல்லது தனி மேசை. பாட்டி ஆசையாய் இடித்த கடலைப் பொடி வீட்டு இட்லியோடு நின்றுவிடும். தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது: நியூயார்க் நகர அரசுப் பள்ளிகள் 2024இல் முதன்முறையாக அன்று விடுமுறை விட்டன.

கடிதத்துக்கு ஒரு மாதம் காத்திருந்த காலம் போய், பேரன் காலை 8 மணிக்குப் பேருந்து ஏறுவதைத் திண்டிவனத்தில் மாலை 5.30க்கு வீடியோவில் பார்க்கிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்தும். அதன்பின் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை கிழக்குக் கரையில் காலை 8 என்பது நமக்கு மாலை 6.30. வழக்கமான நேரத்தில் கூப்பிட்டால் அங்கே காலை 7 மணிதான் ஆகியிருக்கும். தாத்தா பாட்டிகள் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.