பழவேற்காட்டு முகத்துவாரமும் செயற்கைக் கோளும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கிடக்கிறது. நம் ராக்கெட்டுகள் விண்ணில் பாயும் இடம் அது. அங்கிருந்து சென்ற செயற்கைக் கோள்களில் சில, தாம் புறப்பட்ட இடத்துக்கு அடுத்துள்ள ஏரியையே படம் பிடித்து அனுப்புகின்றன. அந்தப் படத்தால் கரையிலுள்ள மீனவருக்கு என்ன பயன்?

இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இது. பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்முனை நம்முடையது. பழவேற்காடு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் இவ்வழியே ஏரிக்குள் புகுந்து வளரும். கரையோர நீரோட்டம் மணலைக் கொணர்ந்து குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் குஞ்சுகள் வருவது நின்றுவிடும். படகுகளும் கடலுக்குள் போக முடியாது. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில், எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்னும் முறைப்படி பகிர்ந்து கொள்கிறார்கள். ஏரியில் இறாலே இல்லாதபோது தம் முறை வந்தும் என்ன செய்வது?

அடைப்பு ஒரே நாளில் நேர்வதன்று. வாய் சிறிது சிறிதாகக் குறுகும். அதைத்தான் செயற்கைக் கோள் அளந்து காட்டுகிறது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை நீர் விழுங்கிவிடும். உலர்ந்த மணல் திருப்பி அனுப்பும். ஆகவே படத்தில் நீர் கறுப்பாகவும் மணல் வெளுப்பாகவும் தெரியும்.

படம் என்பது சிறு சிறு கட்டங்களின் தொகுப்பு. 1988-இல் சோவியத் ராக்கெட் ஏற்றிச் சென்ற நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளின் ஒருவகைக் காமிராவில் கட்டம் ஒன்றின் பக்கம் 72.5 மீட்டர், மற்றொரு வகையில் 36.25 மீட்டர். முகத்துவாரம் 50 மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். முதல் வகையில் அது ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கி, நீரும் மணலும் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். 2015 முதல் பறக்கும் ஐரோப்பியச் சென்டினல்-2 கோள்களில் கட்டம் 10 மீட்டர்தான். இப்போது ஐந்து கறுப்புக் கட்டங்கள் தெரியும்! சில வாரங்களில் அவை இரண்டாகக் குறைந்தால், தூர்வார வேண்டிய வேளை நெருங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் எச்சரிக்கை தேவை. ஏற்றத்தின்போது எடுத்த படத்தையும் வற்றத்தின்போது எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் கணக்குத் தவறிப்போகும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு பெருகி மணல் திட்டை உடைக்கும் நாட்களிலோ மேகம் மறைத்து நிற்கும். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் கோள்களே உதவும். 2022 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்ட இ.ஓ.எஸ்.-04 அவ்வகையைச் சேர்ந்தது.

இன்னொரு குறையும் உண்டு. இப்படங்கள் அகலத்தைக் காட்டும். கலங்கிய நீருக்கடியில் ஆழம் எவ்வளவு என்று காட்டுவது அரிது. அதை அறிய, கழி ஊன்றிப் படகு செலுத்தும் மீனவரைத்தான் கேட்க வேண்டும். வரைபடம் தீட்டுவோர் அவரைக் கேட்ட பிறகே கோடு போடுவது நல்லது.